இரண்டாம் படுக்கையறையில் வந்தவாசிப் போர்

உலக வரலாற்றின் மாபெரும் தளபதிகளை எண்ணத் தொடங்கினால் கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகிற வழியில், லிஃப்ட் இல்லாத ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் வசிக்கிறார். பெயர் ஏசுதாசன். எழும்பூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். காலையில் தாம்பரம் ரயிலில் ஜன்னலோர இருக்கையைப் பிடிப்பதில் அவர் காட்டும் வியூகத்தை நேரில் கண்டவர்கள் இந்தப் புகழ்ச்சியில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கச் சொல்லமாட்டார்கள்.

அவர் நடத்திக்கொண்டிருந்தது வந்தவாசிப் போர். ஆயிரத்து எழுநூற்று அறுபது ஜனவரியில் ஒரே நாளில் நடந்து முடிந்து, பிரெஞ்சுக்காரர்கள் தோற்று, ஆங்கிலேயர்கள் ஜெயித்த அதே போர்தான். "அது அவசரத்துல எடுத்த முடிவு" என்பது ஏசுதாசனின் அபிப்பிராயம். முடித்து வைத்த கோப்பை மறுபடி திறப்பது அவருக்கு அலுவலகத்திலிருந்தே பழக்கம். எனவே வீட்டின் இரண்டாம் படுக்கையறையில் இருந்த கட்டிலைக் கழற்றி மாடிப்படிக்கு அடியில் சாத்திவிட்டு, அறையை அடைத்துக்கொண்டு ஒரு ப்ளைவுட் மேஜை போட்டு, அதன்மேல் வந்தவாசியை நிறுவி, மூன்று வருடமாக மேல்முறையீடு நடத்தி வந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, வந்தவாசியை அவர் படைத்த அழகே அழகு. வீட்டில் குடித்து மிஞ்சிய டீத்தூளைக் காயவைத்துத் தூவினால் அதுதான் செம்மண். தெர்மோகோலைச் செதுக்கினால் மேடு. பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்து ஒட்டினால் புதர். ஏரி என்பது மகள் ஜோவிதா கல்யாணத்துக்கு முன்னால் விட்டுப்போன நகப்பூச்சு. வந்தவாசிக்கு அவர் இதுவரை நேரில் போனதில்லை. "நேர்ல போனா குழப்பம்தான் வரும். இப்போ எல்லாம் பஸ் ஸ்டாண்டும் ஜவுளிக்கடையுமா மாத்தி வச்சிருப்பானுங்க" என்று ரத்தினச் சுருக்கமாகக் காரணமும் சொல்லியிருந்தார்.

படை திரட்டியதோ அதைவிடப் பெரிய சாதனை. கட்டைவிரல் உயரத்துக்கு எந்தப் பொம்மை அகப்பட்டாலும் ஏசுதாசன் அதை ராணுவத்தில் சேர்த்துவிடுவார். மார்க்கெட்டில் பாக்கெட்டில் விற்கிற பச்சை பிளாஸ்டிக் சிப்பாயின் ஹெல்மெட்டை பிளேடால் சீவி, எம்சீல் பசையில் மும்மூலைத் தொப்பி உருட்டி வைத்தால் பிரெஞ்சுக் காலாட்படை. கல்யாண கேக்கின் உச்சியில் நிற்கிற மாப்பிள்ளையின் கோட்டுக்கு நீலம் அடித்தால் கர்னல். இப்படி ஒருவரை இன்னொருவராக்குவதற்கு இந்தத் துறையில் 'கன்வர்ஷன்' என்று பெயர். ஒரு ஞாயிறு பூசை முடிந்து, கோயில் வாசலில் நாலு பேர் நடுவே, "இந்த மாசம் மட்டும் ஒரு டஜன் கன்வர்ஷன் பண்ணிட்டேன் ஃபாதர்!" என்று அவர் பெருமையோடு அறிவித்தார். புதிதாக வந்திருந்த இளம் பங்குச் சாமியார் வெலவெலத்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்து, "அண்ணே, மெதுவா பேசுங்க" என்றார்.

ஆள் பற்றாக்குறை வந்த ஒரு மழைக்காலத்தில் தளபதியின் பார்வை பரண்மேல் இருந்த கிறிஸ்துமஸ் குடில் பெட்டியில் விழுந்தது. இடையர்கள் கம்பை இழந்து துப்பாக்கி பெற்றார்கள். மூன்று ராஜாக்களும் பீரங்கிப் பிரிவுக்கு மாற்றலானார்கள். சூசையப்பருக்கு முரசு கிடைத்தது. சம்மனசு என்கிற வானதூதரின் சிறகை வெட்டி பிரெஞ்சுத் தளபதி லாலியின் கொடி தைத்தாயிற்று. மாதாவையும் குழந்தையையும் மட்டும் அவர் தொடவில்லை. அவர் பக்தர். தவிர, 'போருக்கு உபயோகமற்றவர்கள்' என்ற காரணமும் இருந்தது. அவர்கள் பெட்டிக்குள் வைக்கோலோடு பரணில் தங்கிவிட்டார்கள்.

எதிர்த்தரப்பில் ஆங்கிலேயப் படையை நடத்தியவர் கீழ்க்கட்டளை மோகன்ராஜ். பரம்பரையாக ஏர் பிடித்த குடும்பம். நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, வீடெல்லாம் வாடகையாகிவிட்டபடியால் அவருக்குப் பகலில் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பைக்கில் வந்துவிடுவார். ஆளுக்கொரு முறை தாயம் உருட்டி, விழுகிற எண்ணுக்குத் தக்கபடி படையை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். ஆனால் ஒரு நகர்த்தலுக்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

"இன்னா சார், உங்க குதிரை ஏரி மேல ஓடிகினு கீது?"

"அது ஏரி இல்ல மோகன். கரை. ஜனவரி மாசத்துல தண்ணி வத்தியிருக்கும்."

"ஜனவரில எந்த ஏரி சார் வத்தும்? எங்க ஊரு ஏரி மார்கழில ரொம்பிகினு நிக்கும். பேஜாரு பண்ணாத சார்."

இந்த விவாதம் ஐந்து ஞாயிறுகள் நடந்தது. ஆறாவது ஞாயிறு தண்ணீர் முழங்கால் அளவு என்று உடன்பாடு ஏற்பட்டது. இப்படியாக மூன்று வருடப் போராட்டத்துக்குப் பின், கேளுங்கள், சரித்திரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கட்டத்தில், பிரெஞ்சுப் படை ஜெயிக்கிற நிலைமைக்கு வந்திருந்தது. இடது கோடிக் குதிரைப்படை இன்னும் இரண்டே பாய்ச்சல் பாய்ந்தால் இங்கிலாந்துக்கு இந்தியா கிடையாது.

அந்த நேரம் பார்த்து ஜோவிதா கர்ப்பமாக இருந்தாள்.

அதில் அவள் தவறு ஒன்றுமில்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவது ஊர் உலக வழக்கம். கோவிலம்பாக்கத்தில் புகுந்த வீடு. மாப்பிள்ளை ஆபேல் தங்கமான பையன். ஏழாம் மாதம் வளையல் போட்ட அன்றே ஏசுதாசனின் மனைவி ரோஸி சபையறிய, "எம்பொண்ண நான் கூட்டிக்கிட்டுப் போறேன், ரூம் ரெடியா இருக்கு" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். எந்த ரூம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

"என்னங்க, புள்ள அடுத்த வாரம் வர்றா. அந்த மேஜைய எடுத்துடுங்க. கட்டில் போடணும்."

"கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்றார் ஏசுதாசன்.

"பரிசீலனையா? அவ வயித்துல இருக்கறது உங்க பரிசீலனைக்குக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"ரோஸி, நீ புரிஞ்சுக்கணும். மேஜைய அசைச்சா மூணு வருஷப் போர் போச்சு. எவன் எங்க நின்னான்னு அப்புறம் யாரு சொல்றது? ஹால்ல படுக்கட்டும்."

"ஹால்ல டி.வி., சோபா, வர்றவன் போறவன். நிறைமாசத்துப் பொண்ணு அங்க எப்படிங்க படுப்பா?"

மற்றவர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். ஏசுதாசன் நிர்வாகி. இரண்டு தரப்புக்கும் பாதகமில்லாத ஒரு தீர்வை அன்றைக்கே கண்டுபிடித்தார். மேஜை உயரமானது. அதன் அடியில் இடம் சும்மாத்தானே கிடக்கிறது? அங்கே ஒரு மெத்தை, தலையணை, சின்ன டேபிள் ஃபேன், கைக்கெட்டும் தூரத்தில் சொம்புத் தண்ணீர். அறையும் மகளுக்கு, மேஜையும் பிரான்சுக்கு. இந்த ஏற்பாட்டின் நேர்த்தியை நினைத்து அவருக்கே ஒரு நிமிஷம் நெஞ்சு விம்மியது.

ஜோவிதா பெட்டியோடு வந்து வாசற்படியில் நின்று அறையைப் பார்த்தாள். பிறகு குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள்.

"அப்பா, இது என் ரூம்ப்பா."

"உன் ரூம்தாம்மா. யாரு இல்லன்னா? கொஞ்சம் கீழ, அவ்வளவுதான்."

அவள் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஏசுதாசனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பெற்ற மனம் அல்லவா? போர் முடிந்த மறுநாளே கட்டில் போட்டுவிடுவது என்று மனசுக்குள் உத்தரவு பிறப்பித்துக்கொண்டார். நகல் யாருக்கும் அனுப்பவில்லை.

அடுத்த வாரங்களில் வந்தவாசிக்குக் கீழே வாழ்க்கை ஒருவிதமாக நடந்தது. ப்ளைவுட் இணைப்பு வழியே செம்மண், அதாவது டீத்தூள், அவள் முகத்தில் உதிரும். அவள் தும்முவாள். மேலே காலாட்படை சரியும். "மெதுவா தும்மும்மா" என்று தளபதி வேண்டிக்கொள்வார். எட்டு மாத வயிற்றோடு தரையிலிருந்து எழ வேண்டுமானால் மேஜைக்காலைப் பிடித்துத்தானே ஆகவேண்டும்? பிடித்தால் தேசமே ஆடும்.

"சார், பூகம்பத்துக்கு ரூல்ஸ்ல இன்னா போட்டுக்கீது?" என்றார் மோகன்ராஜ், சரிந்து கிடந்த தம் சிப்பாய்களைப் பார்த்து.

"அது பூகம்பம் இல்ல. பாத்ரூம் போறா."

"எதுவா இருந்தா இன்னா சார்? எனக்குத்தான் ஆளு காலி. ஒவ்வொரு தபாவும் ரெண்டு பேரும் தாயம் உருட்டணும். அதான் நாயம்."

அதுவும் விதியாகச் சேர்க்கப்பட்டது. ஜோவிதா எழுந்திருக்கிறபோதெல்லாம் மேலே தாயம் உருண்டது. ரோஸி இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்தாள். கத்தி அலுத்து, வாயை மூடிக்கொண்டு, பாத்திரங்களைப் போட்டு உருட்ட ஆரம்பித்திருந்தாள். எந்தத் தளபதியும் சமையலறைச் சத்தத்தை உளவுத் தகவலாக எடுத்துக்கொள்ளாதது சரித்திரத்தின் பெரிய குறை.

டிசம்பர் முதல் ஞாயிறு. போன் கூடப் பண்ணாமல் சம்பந்தியம்மா தபீதாள் வந்து நின்றார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. மருமகளுக்குப் பிடிக்குமே என்று ரவா லட்டு டப்பாவோடு வந்திருந்தார். ரோஸி கடைக்குப் போயிருந்தாள். ஏசுதாசன் கையில் தாயக்கட்டையோடு கதவைத் திறந்தார்.

"ஜோவிதா எங்க சம்பந்தி?"

"கீழ இருக்கா."

"கீழயா? நான் கீழேருந்துதான வரேன். பாக்கலையே."

"அந்தக் கீழ இல்லீங்க. வந்தவாசிக்குக் கீழ."

தபீதாள் அம்மாளுக்குப் புரியவில்லை. சத்தம் கேட்டு ஜோவிதாவே வெளியே வந்தாள். முதலில் ஒரு கை, பிறகு டீத்தூள் படிந்த தலை, அப்புறம் மேஜைக்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்க மீதி. மேலே ஒரு பட்டாளம் குப்புற விழுந்தது.

"உருட்டுங்க சார்" என்றார் மோகன்ராஜ், பழக்கதோஷத்தில்.

தலைமை ஆசிரியையாக இருந்தவர்கள் அடிப்பதில்லை. பார்ப்பார்கள். அந்தப் பார்வையை ஏசுதாசன் மூன்றாம் வகுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தார். தபீதாள் அம்மாள் லட்டு டப்பாவை மேஜைமேல், சரியாக லாலியின் தலைமையகத்தின் மேல், வைத்தார். மருமகள் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டார். "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றார். கடையிலிருந்து திரும்பிய ரோஸி மாடிப்படியில் அவர்களை எதிரே பார்த்தாள்.  காய்கறிப் பையைப் படியிலேயே வைத்துவிட்டு அவளும் அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். தாய் வீட்டில் தலைப்பிரசவம் பார்க்க வக்கில்லாமல் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்ற வெட்கத்தை அவள் ஆபேலிடம் அழுதே சொன்னாளாம். நிறைமாசத்தில் பெண்ணைத் திருப்பி அனுப்பிய வீடு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஏசுதாசன் காதிலும் அது விழுந்தது. அவர் காய்கறிப் பையை மேலே எடுத்து வந்தார். லட்டு டப்பாவை இரண்டு விரலால் தூக்கி, நசுங்கியவர்களைக் காயம்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்.

டிசம்பர் நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆபேல் போன் பண்ணினான். பெண் குழந்தை. சுகப்பிரசவம். ஏசுதாசன் சந்தோஷத்தில் தனியறையில் சத்தமாகச் சிரித்தார், உடனே அழுதார், உண்மையாகவே அழுதார். உடனே சட்டையை மாட்டினார். பிறகு ரோஸியின் முகத்தையும் தபீதாள் அம்மாளின் பார்வையையும் நினைத்தார். சட்டையைக் கழற்றினார். போனால் தலைநிமிர்ந்து போகவேண்டும். வெற்றியோடு போகவேண்டும். இன்னும் ஒரு பாய்ச்சல்தானே? முடித்துவிட்டுக் கட்டிலையும் போட்டுவிட்டு, "வாங்க, ரூம் ரெடி" என்று அழைத்துவரலாம். பேத்தியின் முகம் பார்ப்பது அவ்விதம் மேல்நடவடிக்கைக்காக ஒத்திவைக்கப்பட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, மத்தியானம். இறுதிப் பாய்ச்சல். ஏசுதாசன் தாயக்கட்டையைக் கையில் வைத்து, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்ட நேரம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் பங்குச் சாமியாரும் அன்பியம் என்கிற தெருக்குழுவின் பொறுப்பாளர் ஜென்சி டீச்சரும் நின்றார்கள். அந்தக் கோயிலின் பங்கு மக்களுக்கு வருடாவருடம் வீட்டுக் குடில் போட்டி உண்டு. வீடு வீடாக வந்து பார்த்து மார்க் போடுவார்கள். ரோஸி நல்ல மனநிலையில் இருந்த ஏதோ ஒரு நவம்பர் நாளில் பேர் கொடுத்திருந்தாள். ஏசுதாசனுக்கு அது சுத்தமாகத் தெரியாது.

"குடில் எங்கண்ணே?" என்றார் ஃபாதர். கதவு திறந்திருந்த அறைக்குள் அவர் கண் போயிற்று. காலும் போயிற்று.

 கண்ணுக்கெட்டிய தூரம் படை. பீரங்கி. முரசு. சிறகறுந்த சம்மனசு ஒன்று துப்பாக்கி பிடித்து நின்றது. இடையர்கள் குறி பார்த்தார்கள். ஃபாதர் மெல்லக் குனிந்தார். மேஜைக்கடியில் ஒரு மெத்தை விரித்தபடி கிடந்தது. தலையணையில் பள்ளம். ஓரத்தில் சொம்பு. ஆள் இல்லை. ஏசுதாசன் அதை எடுத்துவைக்கவே இல்லை.

"மாதாவும் குழந்தையும்...?" என்றார் ஃபாதர்.

"இல்லீங்க ஃபாதர். இது வந்து..."

"புரியுதுண்ணே. ஒண்ணும் சொல்லாதீங்க." சாமியாரின் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. "உலகம் பூராவும் ஆயுதம். மேல எள் போட இடமில்ல. கீழ ஒரு தாய் படுத்திருந்த இடம் மட்டும் காலியா கிடக்கு. துரத்திட்டீங்க! எவ்ளோ பெரிய செய்தி! எத்தனை நாள் உழைப்பு இது?"

"மூணு வருஷம் ஆச்சு ஃபாதர்" என்றார் ஏசுதாசன். அது உண்மைதான். இது வந்தவாசி என்ற மீதி உண்மை நாக்கு நுனி வரை வந்தது. "ஃபர்ஸ்ட் ப்ரைஸ் இதுக்குத்தான் ஃபாதர், வேற பேச்சே இல்ல" என்று ஜென்சி டீச்சர் முணுமுணுத்தது காதில் விழவே, அது வந்த வழியே திரும்பிவிட்டது. இருபது வருடமாக அந்தப் பங்கில் அவருக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைத்ததில்லை.

"அப்படித்தான் ஃபாதர் யோசிச்சேன்" என்றார்.

ஃபாதர் உணர்ச்சிவசப்பட்டு அவரைக் கட்டிக்கொண்டார். அப்போது வெள்ளை அங்கியின் அகன்ற கை மேஜையின் இடது கோடியைத் துடைத்துக்கொண்டு போயிற்று. பிரெஞ்சுக் குதிரைப்படை முழுவதும் தரையில் கொட்டி, கட்டிலுக்காகக் காத்திருந்த சுவரோரம் சிதறியது.

"சார்" என்றார் மோகன்ராஜ், பயபக்தியோடு. "அவரே வந்து தீர்ப்பு சொல்லிட்டாரு. இங்கிலீஷ்காரன்தான் கெலிச்சான்."

கிறிஸ்துமஸ் காலைப் பூசை. கோயில் நிரம்பி வாசலில் ஷாமியானா வரை ஜனம். ஏசுதாசன் புதுச் சட்டையில் முதல் வரிசை. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ரோஸி. பிள்ளையையும் பெற்றவளையும் தபீதாள் அம்மாளிடம் விட்டுவிட்டு, பூசைக்கு மட்டும் கோவிலம்பாக்கத்திலிருந்து வந்திருந்தாள். புருஷன் பக்கம் அவள் திரும்பவில்லை. போரில் தோற்றாலும் கௌரவத்தோடு இப்போது போய் நிற்கலாம், முதல் பரிசுக் கேடயத்தைப் பார்த்தால் அவளே மனம் இளகிவிடுவாள் என்று ஏசுதாசன் கணக்குப் போட்டிருந்தார்.

பூசை முடிந்து பரிசளிப்பு. ஏசுதாசன் பெயர் சொன்னதும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவர் பீடத்துக்கு முன் வந்து கேடயத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். ஃபாதர் மைக்கைப் பிடித்தார்.

"பிரியமானவர்களே, எத்தனையோ குடில் பார்த்தேன். சீரியல் லைட்டு, நீரூற்று, ஆட்டுக்குட்டி. இந்த அண்ணன் வீட்டில் பார்த்தது வேறு. பிரசவத்துக்கு இடம் கேட்டு வந்த ஒரு பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, அந்த அறையைப் படைக்குக் கொடுத்த வீடு! அப்படிப்பட்ட கல்நெஞ்சை இவ்வளவு தத்ரூபமாக இதுவரை யாரும் காட்டியதில்லை. உயிரோடு இருப்பவன் ஒருத்தன் செய்ததுபோலவே இருந்தது!"

ஜனம் மறுபடி கைதட்டியது. ஏசுதாசனின் கையில் கேடயம் கனக்கத் தொடங்கியது. அவர் பெண்கள் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"ஒரே ஒரு கேள்விதான் இன்றைக்கு உங்கள் மனசாட்சிக்கு" என்று ஃபாதர் குரலைத் தாழ்த்தினார். "அந்த மெத்தையில் படுத்திருந்த தாய் எங்கே? அவள் பிள்ளை எங்கே? உங்களில் யாருக்காவது தெரியுமா?"

பிரசங்கத்தில் கேட்கிற கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஃபாதரும் அந்த தைரியத்தில்தான் மைக்கை இறக்கி, கோயில் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்து நின்றார். மூன்றாவது வரிசையில் ரோஸி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"கோவிலம்பாக்கத்துல இருக்காங்க ஃபாதர்" என்றாள். "சம்பந்தியம்மா வீட்டுல. அங்க கட்டில் போட்டுக் குடுத்திருக்காங்க."